பழைய பூட்டைக் கழற்றுவோம்



முன்பு சம்பள நாளில் கிராணியார் மேசைமேல் எண்ணி வைத்த பணம், இன்று பல வீடுகளுக்கு வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. இருப்பு எவ்வளவு என்பதைக் கைப்பேசியில் பார்க்கிறோம். அப்போது நமக்கும் வங்கிக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்காதபடி, எழுத்துகளை உருமாற்றிப் பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டிலேயே குறை இருந்தால் என்ன செய்வது?

1996ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். 3.0 என்னும் பூட்டு முறையை வெளியிட்டது. 1999 முதல் டி.எல்.எஸ். என்னும் புதிய முறைகள் வந்தன. ஆயினும், பழைய கணினிகளுக்கும் உதவட்டும் என்று பழைய பூட்டையும் விட்டுவைத்தார்கள். வினை அங்கேதான் இருந்தது.

2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் மூவர் 'பூடில்' என்னும் தாக்குதலை வெளிப்படுத்தினர். வழியில் பதுங்கியிருப்பவன், புதிய பூட்டு பொருந்தாததுபோல் இணைப்பைக் குலைப்பான். இரு பக்கமும் ஏமாந்து பழைய பூட்டுக்கு இறங்கிவிடும். அந்தப் பழைய முறையிலோ, செய்தியின் முடிவில் இடம் நிரப்பச் சேர்க்கும் வெற்றெழுத்துகள் சரியாகச் சோதிக்கப்படுவதில்லை. திருடன் நம் கருவியைத் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பவைத்து, சராசரி 256 முயற்சிக்கு ஓர் எழுத்தாக, நமது நுழைவுச் சீட்டை அறிந்துகொள்வான். கடவுச்சொல் தெரியாமலே நம் கணக்கில் புகுந்துவிடலாம்.

இந்தக் குறைக்கு ஒட்டுப்போட்டுப் பயனில்லை. ஆகவே பூட்டையே கழற்றினார்கள். 2014 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி அதை நிறுத்தியது. 2015 ஜூனில் இணையப் பொறியியல் பணிக்குழு, அதை இனிப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. 2018இல் டி.எல்.எஸ். 1.3 வந்தது. 2021இல் டி.எல்.எஸ்ஸின் முதல் இரு பதிப்புகளும் விலக்கப்பட்டன.

நேயர்களே, அறிஞர்கள் அங்கே பூட்டை மாற்றினாலும், நம் கைப்பேசியைப் புதுப்பிக்காவிட்டால் பழைய பூட்டு நம்மிடமே தங்கிவிடும். ஆதலால் புதுப்பிக்கும்படி கைப்பேசி கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள். ஆனால், 'புதுப்பிக்க இங்கே தொடுங்கள்' என்று முன்பின் அறியாதவர் அனுப்பும் செய்தியைத் தொடாதீர்கள்; கைப்பேசியின் அமைப்புகள் பகுதிக்கே சென்று பாருங்கள்.

புதுப்பிப்பு வருவது நின்றுபோன பழைய கைப்பேசி வீட்டில் இருக்கிறதா? அதில் பாட்டுக் கேளுங்கள், பிள்ளைகள் படம் பார்க்கட்டும். வங்கிக் காரியம் மட்டும் வேண்டாம். அதற்கு வங்கி முகப்புக்கோ பணப்பொறிக்கோ நடந்து செல்வது குறைவன்று.

மற்றுமொன்று. பூட்டு வழியைத்தான் காக்கும். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்லாது. அதை நாம்தான் விசாரித்து அறிய வேண்டும்.

பாடுபட்டுச் சேர்த்த பணத்தைப் பாதுகாப்போம்.