முன்கண்ணாடியில் ஒரு கீறல்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுள் பலர் எஞ்சினுக்குக் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் முன்கண்ணாடிக்குக் காட்டுவதில்லை. நாங்களும் அவ்விதமே இருந்தோம். தில்லியில் நாங்கள் வைத்திருக்கும் காருக்குப் பன்னிரண்டு வயது ஆகிறது. அதன் முன்கண்ணாடியில் கீறல் விழுந்திருந்ததை நாங்கள் அறியாமல் இல்லை. பகலில் அது கண்ணை உறுத்தவில்லை. ஆகவே மனத்தையும் உறுத்தவில்லை.

ஒரு மார்கழி மாதத்து இரவு, ஆக்ராவிலிருந்து மதுரா வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் செல்லும் குறுகலான சாலையில் திரும்பியதும், எதிரே ஒரு லாரி வந்தது. அதன் விளக்கொளி எங்கள் கண்ணாடியில் பட்டவுடன், வைப்பர் சென்று வரும் வளைவு முழுவதும் விசிறியை விரித்தாற்போல் வெண்மையாகச் சுடர்விட்டது. சாலை மறைந்துவிட்டது. லாரி கடந்து சென்ற பின்னர்தான், விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் எங்களுக்கு முன்னால் நான்கைந்து முழ தூரத்தில் சென்றுகொண்டிருப்பது தெரிந்தது. பிரேக் பிடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்குள் இருந்த நாங்கள் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

பகலில் தெரியாத கீறல் இரவில் ஏன் இத்தனை பெரிதாகிறது? ஒவ்வொரு கீறலும் ஒரு நுண்ணிய பள்ளம். பகலில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் அப்பள்ளம் சிதறடிக்கும் சிறிதளவு ஒளியை நம் கண் பொருட்படுத்துவதில்லை. இருளில் ஒரே திசையிலிருந்து வரும் வலுவான ஒளியைப் பள்ளத்தின் ஓரங்கள் பல பக்கங்களிலும் தெறிக்கச் செய்கின்றன. மாலையில் தாழ்ந்த சூரியனை நோக்கி ஓட்டும்போதும் இதே தொல்லைதான். முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியையேனும் உள்ளே விடவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. ஆனால் கீறல் விழுந்த கண்ணாடியும் அந்தச் சோதனையில் தேறிவிடக் கூடும். எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பது வேறு. வந்த ஒளி எவ்விதம் சிதறுகிறது என்பது வேறு.

இந்தக் கீறல்களுக்கு வேறு எவரையும் நாங்கள் குறை கூற இயலாது. வடநாட்டில் கோடையில் 'ஆந்தி' என்னும் புழுதிக் காற்று வீசும். அது ஓய்ந்ததும் கண்ணாடியில் படிந்த மண்ணைத் தண்ணீர் விடாமல் வைப்பரைக் கொண்டே தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் கண்ணாடி சுமார் ஐந்தரை. மணலில் உள்ள குவார்ட்ஸ் ஏழு. மணல் வெல்வதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, ஓட்டுநர் பக்கத்து வைப்பரின் ரப்பர் வெயிலில் காய்ந்து கிழிந்து, உலோகப் பட்டையே சில நாட்கள் கண்ணாடியை உராய்ந்திருக்கிறது.

மறுநாள் காஷ்மீரி கேட் பகுதிக்குச் சென்றோம். மோட்டார் உதிரிச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதி அது. முதற் கடையில் இருந்த இளைஞர், கண்ணாடியைப் பார்த்த மாத்திரத்தில், எல்லாவற்றையும் மெருகேற்றிப் புதிது போலாக்கிவிடலாம் என்றார். அடுத்த கடையில் இருந்த முதியவர் எதுவும் சொல்லாமல், சோப்பு நீரால் கண்ணாடியை நன்கு கழுவித் துடைத்தார். கீறல் என்று நாங்கள் எண்ணியதில் ஒரு பகுதி அப்போதே மறைந்துவிட்டது; அது எண்ணெய்ப் படலமும் உப்புநீர்க் கறையும்தான். பின்னர் எஞ்சிய கோடுகளின் குறுக்கே விரல் நகத்தால் வருடினார். மெல்லிய கோடுகளில் நகம் வழுக்கிச் சென்றது. உலோகம் உராய்ந்த நீண்ட வளைவில் தட்டி நின்றது. "இதைத் தேய்க்கக் காசு வாங்க மாட்டேன்" என்றார் இந்தியில்.

அவர் மறுத்ததன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். மெருகேற்றுதல் என்பது கீறலை நிரப்புவதன்று. சுற்றியுள்ள கண்ணாடியைக் கீறலின் அடிமட்டம்வரை தேய்த்து இறக்குவதாகும். சீரியம் ஆக்ஸைடு என்னும் தூளை நீரில் குழைத்து, கம்பளி வட்டால் மெதுவாகத் தேய்க்கிறார்கள். நகத்திற்குத் தட்டுப்படாத கீறலுக்கு இது பொருந்தும். ஆழமான கீறலை அவ்விதம் தேய்த்தால் அவ்விடம் குழிந்து, காட்சி நெளிந்து தெரியும். கீறலுக்குப் பதில் வக்கிரம். தேய்க்கும்போது சூடேறினால் கண்ணாடி வெடித்துவிடவும் கூடும்.

கல் தெறித்து உண்டாகும் சில்லு வேறு வகை. அதனுள் பிசினைச் செலுத்திப் புற ஊதாக் கதிரால் இறுகச் செய்து பழுது பார்க்கலாம். கீறலோ திறந்த பள்ளம்; அதில் பூசுவதை வைப்பர் விரைவில் வழித்துவிடும்.

அப்படியானால் கீறல் விழுந்ததும் கண்ணாடியை மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். அவ்வளவு எளிதில் நாங்கள் இசையவில்லை. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி அமைப்பது. பிரெஞ்சு இரசாயனியான எதுவார் பெனெடிக்டஸ் இத்தகைய கண்ணாடிக்கு 1909-ல் காப்புரிமை பெற்றார். உடைந்தாலும் சிதறாமல் படலத்திலேயே ஒட்டி நிற்பது இதன் சிறப்பு. இக்காலத்துக் கார்களில் இது கூரைக்கும் வலுவூட்டுகிறது. பயணி பக்கத்துக் காற்றுப்பை விரியும்போது அதைத் தாங்கி நிற்கவும் உதவுகிறது. இவையெல்லாம் கண்ணாடியைச் சட்டத்தோடு பிணைக்கும் பசையைப் பொறுத்தவை. தொழிற்சாலையில் ஒட்டிய நல்ல பிணைப்பை அற்பக் காரணத்திற்காக அறுத்தெடுப்பது விவேகமாகாது. கண்ணாடிக்குப் பின்னால் காமிரா பொருத்திய புதிய வண்டிகளில், மாற்றியபின் அந்தக் காமிராவையும் மறுபடி சீர்செய்தாக வேண்டும். அது தனிச் செலவு.

எங்கள் வண்டியில் ஆழமான வளைவு ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே அமைந்திருந்தது. அதுவே இடப்பக்க ஓரத்தில் இருந்திருந்தால் விட்டிருப்போம்; நகம் வழுக்கும் கீறலாயிருந்தால் தேய்க்கச் சொல்லியிருப்போம். மாற்றுவதென்றே முடிவு செய்தோம்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று வீட்டில் ஒருவர் நினைவூட்டினார். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை என்பது உண்மையே. ஆனால் பாலிசி ஈடு செய்வது விபத்தின் சேதத்தை. நாட்பட்ட தேய்வை அன்று. எங்களுடையது சந்தேகமின்றித் தேய்வு. வேறு விதமாக எழுதிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அன்றியும், கோரிக்கை வைத்தால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த போனஸ் சலுகை போய்விடும். கைப்பணத்தையே செலவிட்டோம்.

புதிய கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். பசை இறுகக் குளிர்காலத்தில் நேரம் கூடுதலாகும் என்று சொல்லி, முதியவர் அன்று வண்டியைத் தர மறுத்தார். மறுநாள் கொடுத்தபோதும் ஒரு பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்கியே வைக்கச் சொன்னார். கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அழுந்தும் காற்று புதிய பிணைப்பைத் தள்ளுமாம். இரண்டு வைப்பர்களுக்கும் புது ரப்பர் வாங்கினோம். அதன் விலையை இங்கே சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. இப்போது ஆந்தி ஓய்ந்ததும் ஒரு குவளைத் தண்ணீரோடுதான் வண்டியருகே செல்கிறோம்.