வீட்டிற்குள் வராத குரல்



நான் பேசும் பேச்சு இப்பொழுது உங்கள் வீட்டுக் கூடத்திலே ஒலித்துக்கொண்டிருக்கின்றது. கூரையும் சுவரும் இதனைத் தடுக்கவில்லை. ஆனால், அதே கூடத்தில் மேசைமீது கிடக்கும் கைத்தொலைபேசியோ, "சிக்னல் இல்லை" என்று கைவிரித்துவிடுகின்றது. மணி அடித்ததும் முற்றத்துக்கு ஓடுவோரையும், மதிலோரத்தில் நின்று "கேட்குதா, கேட்குதா" என்று கூவுவோரையும், மாமரத்தடியில் ஓரிடத்தை விட்டு அசையாது நின்று பேசுவோரையும் எம்மூர்களில் நாடோறும் காண்கின்றோம். இதனை வேடிக்கையாகக் கருதிச் சிரிப்பவர்களும் உளர். சிந்தித்துப் பார்த்தால் இது சிரிப்பதற்குரிய விடயமன்று.

நள்ளிரவில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி ஏற்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவசமாக நோயாளர் காவு வண்டி வருகின்ற சுவசெரிய சேவை எம் நாட்டில் உண்டு. 2016 ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய அச்சேவை, 2018 ஆம் ஆண்டில் வட மாகாணத்துக்கும் விரிந்தது. வண்டி ஆயத்தமாக நிற்கின்றது. அதனை அழைக்கும் கருவியும் தலைமாட்டில் இருக்கின்றது. ஆயினும் படுக்கையறையிலிருந்து அழைப்புப் போகவில்லை என்றால், அவ்விரண்டும் இருந்து பயன் என்ன? வெள்ளக் காலத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணுக்கும் இதே நிலைதான்.

பிள்ளைகளின் கல்வியும் இதனோடு பிணைந்திருக்கின்றது. கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021 ஆம் ஆண்டிலே, லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் பெற்றோர் துணையோடு தேயிலை மலையேறி, உச்சியில் ஏறத்தாழ முப்பதடி உயரத்தில் அமைந்த மரக்குடில் ஒன்றில் ஏறிப் பாடங்களைப் பெற்றனர். செய்தித்தாள்களில் வெளிவந்த அப்படங்களைக் கண்டு வருந்தாத ஆசிரியர் இரார். கோபுரமே எட்டாத அத்தகைய மலையூர்களின் குறையை வீட்டார் தாமே தீர்த்தல் இயலாது. ஆனால், வெளியே சிக்னல் இருந்தும் உள்ளே வராத வீடுகள் எம்மிடையே பலவாகும். அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நான் பொறியியலாளன் அல்லேன், கலை பயின்றவன். ஆயினும் இதற்கு வேண்டிய அறிவு பெரிதும் வீட்டறிவே. எம் முன்னோர் அதனை ஒருவாறு பெற்றிருந்தனர். வானொலிப் பெட்டி வாங்கியவர் இரண்டு தென்னைகளுக்கிடையே ஏரியற் கம்பி கட்டினார். பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, தெளிவாகக் கேட்கும் மூலையைக் கண்டுபிடித்தார். கைத்தொலைபேசி வந்த பின்னர் அந்தப் பழக்கம் எம்மை விட்டு நீங்கிவிட்டது. 1989 ஆம் ஆண்டில், தெற்காசியாவிலேயே முதன்முதலாக எம் நாட்டில் இச்சேவை தொடங்கிற்று. அன்றுதொட்டு இன்றுவரை நாம் அதனைத் தொலைபேசி என்றே எண்ணுகின்றோம். உண்மையில் அது ஒரு வானொலி. கேட்பதோடு பேசவும் வல்ல சிறு வானொலி. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், செய்ய வேண்டியவை யாவும் தாமே விளங்கும்.

வானொலி கேட்கின்ற வீட்டில் தொலைபேசி ஏன் தளர்கின்றது? வானொலி நிலையம் ஆயிரக்கணக்கான வாற்று வலுவுடன் ஒலிபரப்புகின்றது. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வலுவோ பெரும்பாலும் சில பத்து வாற்றுகளே. அன்றியும், பேச்சு இருவழிப்பட்டது. கோபுரத்தின் குரல் உங்களை அடைந்தாற் போதாது. உங்கள் குரலும் கோபுரத்தை அடைதல் வேண்டும். நான்காந் தலைமுறைத் தொலைபேசி ஒன்று கோபுரத்தை நோக்கி அனுப்பக்கூடிய வலு ஒரு வாற்றின் ஐந்திலொரு பங்கு மாத்திரமே. அவர் பேசுவது உங்களுக்குக் கேட்க, நீங்கள் பேசுவது அவருக்குக் கேளாமற் போவதற்கு இதுவே பெருங் காரணம். சிக்னல் குறைந்த இடத்தில் தொலைபேசி தன் முழு வலுவையும் கூட்டி உரத்துக் கூவுகின்றது. அதனாலேயே அது சூடேறுகின்றது. பற்றரியும் விரைவில் இறங்கிவிடுகின்றது.

இந்த அலைகளும் ஒளியைப் போன்ற மின்காந்த அலைகளே. மீடிறன் குறைந்தவை தூரம் செல்லும்; சுவரையும் ஓரளவு ஊடுருவும். மீடிறன் கூடியவை மிகுந்த தரவைச் சுமக்கும். ஆனால் சுவரிடம் எளிதில் தோற்றுவிடும். கிடுகும் பலகையும் ஓடும் இவ்வலைகளுக்குப் பெருந் தடையல்ல. கம்பி கட்டிய கொங்கிறீற்றுச் சுவர் பெருந் தடை. தகரமும் அலுமினியமும் அதனினும் பெருந் தடை. உலோகம் அலையைத் தெறிக்கச் செய்து திருப்பி அனுப்பிவிடும். குளிர்சாதனப் பெட்டி, இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, நீர்த்தாங்கி ஆகியவற்றின் மறைவிலும் சிக்னல் மங்கும். நமது உடலும் பெரும்பகுதி நீரே ஆதலால், தொலைபேசியை உள்ளங்கையால் இறுகப் பொத்திப் பிடிப்பதும் ஒரு தடையாகும்.

எமது பாடசாலைக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டிலே, வெயிலின் வெம்மை தாங்காது, ஓட்டின் கீழே பளபளக்கும் வெப்பத்தடைத் தாளை விரித்தனர். வீடு குளிர்ந்தது; ஆனால் அன்றுமுதல் படுக்கையறையில் தொலைபேசி பேசாதாயிற்று. அங்கே வாழும் மூதாட்டியின் மக்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்கின்றனர். அம்மா பதில் சொல்லவில்லையே என்று அவர்கள் அங்கே கலங்க, பிள்ளைகள் மறந்துவிட்டார்களே என்று அம்மா இங்கே கலங்கினார். அந்தத் தாளில் இருந்த அலுமினியமே அவர்களுக்கிடையே மறைப்பாய் நின்றதென்பதை எவரும் எண்ணவில்லை. தொலைபேசியை மாற்றினார்கள், பயன் விளையவில்லை. பின்னர் எம்மிடம் படிக்கும் பேரப்பிள்ளை வீடு முழுவதும் நடந்து அளந்து பார்த்தான். படுக்கையறையில் −113, அடுக்களையின் கிழக்கு யன்னலில் −98. யன்னலோரத்திற் சிறு தட்டொன்று அடித்து, தொலைபேசியை அதில் வைத்து, அருகிலே ஒரு கதிரையும் போட்டார்கள். ஆச்சியின் குறை தீர்ந்தது. செலவு ஒரு பலகைத் துண்டும் நான்கு ஆணிகளும்.

அவன் அளந்தது எவ்வாறு என்பதைச் சொல்கின்றேன். தொலைபேசித் திரையின் மூலையில் தோன்றும் கோடுகளை நம்பி அளத்தல் கூடாது. அவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பல தொலைபேசிகளில், அமைப்புகள் என்னும் பகுதியில், தொலைபேசியைப் பற்றிய விவரங்களுள், சிம் அட்டையின் நிலையைக் காட்டும் இடத்தில், சிக்னலின் வலிமை ஒரு மறை எண்ணாகத் தரப்பட்டிருக்கும். நான்காந் தலைமுறைச் சேவையில் −80 என்பது நன்று, −100 தளர்ச்சி, −115 க்கு அப்பால் பேச்சு முறிவது இயல்பு. பூச்சியத்துக்கு அண்மையாக வர வர நன்மை என்று கொள்க. பத்து அலகு கூடினாற் பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு. ஆச்சியின் வீட்டில் பதினைந்து அலகு கூடியது. அது முப்பது மடங்குக்கு மேற்பட்ட ஆதாயம்.

அளக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் அசையாது நில்லுங்கள். தொலைபேசி முன்னர் பற்றிய கோபுரத்தையே விடாது பற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. ஆதலால், விமானப் பயன்முறையை ஒருமுறை இட்டு எடுத்தால் அது புதிதாகத் தேடும். மேல்மாடி, யன்னல், விறாந்தை, படிக்கட்டு எனப் பலவிடங்களையும் பாருங்கள். ஓரிடத்தில் மங்கலாக இருந்தால் ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். சுவர்களிற் பட்டுத் தெறித்த அலைகள் ஒன்றையொன்று ஓரிடத்தில் அழித்து, அடுத்த இடத்தில் வலுப்படுத்தும். 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்றிமீற்றர். ஆதலால் ஒரு சாண் தூரத்திலேயே பெரிய வேறுபாடு தோன்றலாம். மாமரத்தடியில் அசையாது நிற்பவரின் செயல் மூடநம்பிக்கையன்று என்பது இதனால் விளங்கும்.

நல்ல இடத்தைக் கண்ட பின்னர், தொலைபேசியை அங்கே இருத்திவிட்டு நீங்கள் நகருங்கள். ஒலிபெருக்கியில் இட்டோ, புளூடூத் காதுக்கருவி மூலமோ சில அடிகள் தள்ளி இருந்து பேசலாம். நான்காந் தலைமுறை ரவுட்டர் வைத்திருப்போர் அதனைத் தொலைக்காட்சியின் பின்னே மறைத்து வையாது, அந்த யன்னலோரத்திலேயே உயரத்தில் வைக்க வேண்டும். கம்பி வழியாக அல்லது ஒளியிழை வழியாக இணையம் வரும் வீடுகளில், வைபை மூலம் சாதாரண அழைப்பை எடுக்கும் வசதியைத் தொலைபேசியில் இயக்க முடியுமா என்று உங்கள் சேவை நிறுவனத்திடம் கேட்டறியுங்கள். கோபுரத்தின் சிக்னல் இல்லாத அறையிலும் அது பேச உதவும். ஆனால், மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும் என்பதை மறத்தலாகாது. 2022 ஆம் ஆண்டில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாள்களை நாம் கண்டவர்கள். ஆகவே, வைபை இருப்பினும் யன்னலை அறிந்து வைத்திருத்தல் நன்று.

அயலவரின் சிம் அட்டையைச் சற்று நேரம் வாங்கி உங்கள் தொலைபேசியில் இட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. உங்கள் வீட்டை ஒரு நிறுவனத்தின் கோபுரம் நன்கு நோக்கியிருக்க, மற்றொன்றின் கோபுரம் குன்றின் மறுபுறத்தில் இருக்கலாம். பேச்சு முறிந்தாலும் குறுஞ்செய்தி போய்ச்சேரும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அதற்கு ஒரு கணத் தொடர்பே போதுமானது.

செய்யத் தகாதவையும் உள. தொலைபேசியின் பின்புறத்தில் ஒட்டினாற் சிக்னல் பெருகும் என்று விற்கப்படும் ஒட்டுத்தாள்களால் யாதொரு பயனும் இல்லை. அமெரிக்காவில் 2002 ஆம் ஆண்டிலேயே இத்தகைய பொருள்களை விற்றவர்கள்மீது அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. இன்னொன்று, பூஸ்டர் என்னும் பெருக்கிக் கருவி. இது உண்மையில் வேலை செய்யும். ஆபத்தும் அதிலேயே உள்ளது. தரங்குறைந்ததும் பிழையாகப் பொருத்தப்பட்டதுமான பெருக்கி தன் ஒலியைத் தானே கேட்டு ஊளையிடும் ஒலிவாங்கியைப் போன்றது. அது எழுப்பும் இரைச்சல் கோபுரத்தின் செவியை அடைத்துவிடும். உங்கள் வீட்டிற் சிக்னல் நிறைய, அயலிலுள்ள ஐம்பது வீடுகளில் அது குன்றும். அவற்றுள் ஒன்றிலிருந்து 1990 க்கு அழைப்பவரும் இருக்கலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி அதனைப் பொருத்துதல் சட்டத்துக்கும் மாறானது.

எல்லாம் செய்தும் ஊர் முழுவதிலும் குறை நீடிக்குமாயின், தனித்தனியே முணுமுணுத்துப் பயனில்லை. பத்து வீட்டார் சேர்ந்து, எந்த இடத்தில், எந்த நாளில், எந்த நேரத்தில், எத்தனை அலகு என்று எழுதி, சேவை நிறுவனத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். "சிக்னல் சரியில்லை" என்னும் முறைப்பாட்டுக்கு விடை கூறாது விடுவது எளிது. அளவுகள் நிறைந்த பட்டியலை அவ்வாறு தள்ளிவிடுதல் அரிது. அப்பட்டியலை ஆக்கும் பணிக்கு உயர்தர வகுப்பு மாணவர்களை ஈடுபடுத்தினால், பௌதிகவியற் பாடமும் நடந்துவிடும், ஊர்ப்பணியும் நிறைவேறும்.

கோபுரம் ஊருக்குள் வருதல் கேடு என்று அஞ்சுவோர்க்கு ஒரு வார்த்தை. கோபுரம் அண்மையில் இருந்தால் உங்கள் தொலைபேசி மெல்லப் பேசும். தொலைவில் இருந்தாற் காதருகே உரத்துக் கூவும். இதனையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்தல் அறிவுடைமை.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டை ஒருமுறை அளந்து பாருங்கள். சிறந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே சுவரில் 1990, 117 என்னும் எண்களையும், உங்கள் வீட்டு முகவரியையும், வண்டி திரும்ப வேண்டிய சந்தியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் மனிதர் தம் முகவரியையே மறந்துவிடுவதுண்டு. பின்னர் வீட்டிலுள்ள மிக முதியவரையும் மிக இளையவரையும் அவ்விடத்துக்கு அழைத்துச் சென்று, ஒருமுறை உறவினர் எவரையேனும் அழைத்துப் பேசச் செய்யுங்கள். இரவில் விளக்கில்லாமலும் அவ்விடத்துக்கு அவர்களாற் போக முடிகின்றதா என்று பாருங்கள். அந்தப் பயிற்சிக்கு வேண்டுவது அரைமணி நேரமே.