வேகமும் பிரேக்கும் ஒரே கையில்



மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடிக்கு இரண்டு வேலை. முறுக்கினால் வேகம். அதே கையின் விரல்களை நீட்டி லிவரை இழுத்தால் முன் பிரேக். புதிதாக வண்டி பழகுகிறவர்களுக்கு முதல் வேலை ஒரே நாளில் வந்துவிடுகிறது. இரண்டாவதைச் சொல்லிக் கொடுக்க ஆளே இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பையன் வண்டியில் இருப்பான், தாய்மாமன் பின்னால். “மாப்ள, கிளட்ச மெதுவா விடு... இப்ப லேசா ஆக்சிலேட்டர் குடு” என்பார் மாமா. பையன் கிளட்சை வெடுக்கென்று விட்டுவிடுவான். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும். மறுபடி நியூட்ரல், மறுபடி ஸ்டார்ட். கொஞ்ச நேரத்தில் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது விரல்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது இன்ஜினின் குரல் சற்றே இறங்கும், வண்டி வழுக்கிக்கொண்டு நகரும். தன்னைவிட இருமடங்குக்கு மேல் எடையுள்ள ஒரு இயந்திரம் மணிக்கட்டின் சிறு அசைவுக்குக் கட்டுப்படுகிறது என்று தெரிகிற அந்த நொடியின் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச வேண்டியதே இல்லை. அதற்காகத்தான் மனிதர்கள் மோட்டார் சைக்கிளை விரும்புகிறார்கள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், முகத்தில் காற்று. மைதானத்துச் சுவர் நெருங்கி வரும்போது மாமா கத்துவார்: “பின் பிரேக்க மிதிடா! முன் பிரேக்கத் தொட்டுடாத!”

இந்தக் கடைசி அறிவுரைதான் ஆபத்தானது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையில் அழுந்துகிறது, பின் சக்கரத்தின் பிடி குறைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். ஆனால் வண்டி நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். முன் பிரேக்கைப் பட்டென்று இழுத்தாலும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ பிடித்தாலும் விழ நேரும் என்பது உண்மைதான். அதனால்தான் அதை முதலில் லேசாகத் தொட்டு, பிறகு படிப்படியாக அழுத்தப் பழக வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். தயங்கி நிற்கும் விரல்களுக்குப் பதிலாக லிவரை அழுத்த அதனால் முடியாது.

விரல்கள் இப்படித் தயங்குகின்றன என்பதற்கு அழுத்தமான ஒரு சாட்சி உண்டு. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் விபத்து நடந்த இடங்களுக்கே போய் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981ல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகவில்லை. ஆபத்து தெரிந்ததும் பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. தப்பிக்க அவர்களுக்குக் கிடைத்த நேரமோ 2 வினாடிக்கும் குறைவு. அதற்குள் யோசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது. கை எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கை அசைவதற்குள் ஒரு வினாடி போய்விடும். பிறகு காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னொரு 10 மீட்டரில் நிற்கலாம். 80ல் போனால் அந்த ஒரு வினாடிக்கே 22 மீட்டர், நிற்க இன்னும் 40 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 2022ல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர்.

கட்டுப்பாடு என்றதும் ஆசையை அடக்குவது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. பயத்தை அடக்குவதும் அதில் சேர்ந்ததுதான், சொல்லப்போனால் அதுவே கடினமானது. பயம் வந்தால் கைகள் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கின்றன, கண் ஆபத்திலேயே குத்திட்டு நிற்கிறது. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் பள்ளத்தில்தான் இறங்குவார், ஏனென்றால் கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும். அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் 1983ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் ஓட்டுநரின் கவனத்தைப் பத்து டாலர் பணமாகக் கற்பனை செய்யச் சொல்கிறார். கற்றுக்குட்டிக்குக் கிளட்சுக்கே பெரும்பகுதிப் பணம் கரைந்துவிடும். பழகப் பழக அந்தச் செலவு குறைந்து, சாலையைப் பார்க்கப் பணம் மிச்சமாகும். புது வண்டியில் வேகத்தை ஏற்றுகிறவரிடம் அந்த மிச்சம் இருக்காது.

கீத் கோட் தொடங்கிய மோட்டார் சைக்கிள் பயிற்சிப் பள்ளி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் வகுப்பு நடத்தியிருக்கிறது. வேகத்துக்கென்றே கட்டிய இடம் அது. எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் போகும். எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு ஓடாது, கொடியோடு மார்ஷல்கள் நிற்பார்கள், ஓட்டுகிறவர் உடம்பில் தோல் உடை இருக்கும். அங்கேயும் முதல் பயிற்சி என்னவென்றால், ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல் சுற்றி வர வேண்டும். வளைவு வரும் முன்பே வேகத்தை வலது கையால் சரியாகக் கணித்தாக வேண்டும். அந்தக் கணிப்பு பிடிபட்டதும் கிடைக்கும் கிளர்ச்சி, கண்மூடித்தனமாக முறுக்குவதில் கிடைப்பதைவிடப் பெரியது.

நம் ஊரில் லைசென்ஸ் வாங்க எட்டுப் போட வேண்டும். கால் ஊன்றாமல், ஆஃப் ஆகாமல், அரை கிளட்சில் மெல்ல வளைவது எளிதல்ல, அதை நீக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் எட்டுப் போட்டவருக்கு வண்டியை அவசரமாக நிறுத்தத் தெரியுமா என்பதை அந்தச் சோதனை கேட்பதில்லை. பிரிட்டனிலும் எட்டு உண்டு. அதோடு 2009 முதல் மூடிய மைதானத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்திக் காட்ட வேண்டும், அதே வேகத்தில் ஒரு தடையை விலக்கியும் ஓட்ட வேண்டும். நம் ஆர்டிஓ அலுவலகங்களிலும் இதைச் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.

அதுவரை, எல்எல்ஆர் எனும் பழகுநர் உரிமம் வாங்கிய பிறகு லைசென்ஸ் சோதனைக்குக் காத்திருக்க வேண்டிய முப்பது நாளை வீட்டிலிருப்பவர்களே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆளில்லாத, காய்ந்த தரையில் ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு, முதலில் 20ல் வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிற்க வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கட்டும், பார்வை தூரத்தில் இருக்கட்டும், முன் லிவரில் இரண்டு விரல் போதும். நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்து, அடுத்த முறை அதற்கு முன்பே நிற்கப் பார்க்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு 30க்குப் போகலாம்.