கபடியை வைத்துப் பிழைக்க முடியுமா?

 

பாலம் கட்டுவதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் இன்று காலை மைதானத்தில் ஒரு தம்பி, "அண்ணே, கபடிய வெச்சுப் பொழைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டான். பாலம் எங்கேயும் போய்விடாது. முதலில் அவனுக்குப் பதில் சொல்கிறேன்.

தர்மராஜ் சேரலாதனை உங்களில் பலருக்குத் தெரியும். 1975இல் பிறந்தவர், தஞ்சை மாவட்டத்துக் கிராமத்துக்காரர். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்கப் போட்டியானபோது அவருக்கு வயது 15. அந்த நாளில் கபடி வீரனுக்குப் பரிசு என்றால் சுழற்கோப்பை. பெரும் அதிர்ஷ்டம் என்றால் ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. பணம் கொட்டும் புரோ கபடி லீக் வந்தது 2014இல். அப்போது அவருக்கு 39! மற்றவர்கள் பயிற்சியாளராகப் போகும் வயசு.

அவர் போகவில்லை. 2016 ஜூலையில் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய இந்திய அணியிலும் இருந்தார். சக வீரர்களுக்கு அவர் 'அண்ணா'.

எப்படித் தாக்குப்பிடித்தார்? அவர் பிடிப்பவர், பாடிப் போகிறவர் அல்ல என்பதும் ஒரு காரணம் என்பது என் கணக்கு. பாடிப் போகிறவனுக்குக் காலில் வேகம் வேண்டும். அது முதலில் போய்விடும். பிடிப்பவனுக்கு நேரம் தெரிய வேண்டும். அரை நொடி முந்தினால் ஆள் நழுவிவிடுவான், அரை நொடி பிந்தினால் நம்மையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவான். அந்தக் கண் வயதானால் மங்குவதில்லை, கூர்மையாகிறது.

இங்கிலாந்தில் ரக்பி விளையாடிய சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியைக் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. 1895இல் வடபகுதிச் சங்கங்கள் பிரிந்து வந்தன. ரக்பி லீக் பிறந்த கதை அதுதான். நம்ம ஊர்ப் பையன் டோர்னமெண்டுக்குப் போக ஒருநாள் கூலியை விடுகிறானே, அதே வழக்குதான்!

ஆகவே தம்பி, முடியும். ஆனால் சேரலாதனை அளவுகோலாக வைக்காதே. அவரோடு ஆடத் தொடங்கியவர்களில் எத்தனையோ பேர் லீக் வருவதற்குள் முழங்கால் தேய்ந்து ஒதுங்கிவிட்டார்கள். அதனால் டிகிரியை முடி, மாலையில் ஆடு. இரண்டும் ஒன்றுக்கொன்று சக்களத்தி இல்லை.

2019இல், 44 வயதில், ஹரியானா அணிக்குத் தலைவராகக் களமிறங்கினார் சேரலாதன். அந்த ஆண்டு டெல்லி அணிக்காகப் பாடிப் போய்ப் புள்ளிகளைக் குவித்த நவீன் குமார் பிறந்தது 2000இல். அண்ணா என்ன, பெரியப்பா என்றே கூப்பிட்டிருக்கலாம்!