கடைமடைச் செல்கள்
(தென்காசியில் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் பேசியதன் சுருக்கம்)



புற்றுநோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது வீட்டார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஐயா, சாப்பாட்டைக் குறைத்தால் கட்டி பட்டினியால் செத்துப்போகாதா?" இப்படி நினைத்து, பத்தியம் என்று சொல்லி, வெறும் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. புற்றுக்கட்டிக்குள்ளும் அப்படியே. கட்டி வளரும் வேகத்துக்கு இரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் தள்ளிப்போனாலே பிராணவாயு எட்டாது. அங்கே பல செல்கள் மடிகின்றன. மற்றவை பிழைக்க வழி தேடுகின்றன. பிராணவாயு இல்லாமலே சர்க்கரையை உடைத்துப் பலம் எடுக்கின்றன. கடைமடைக்காரர் கிணறு வெட்டுவதுபோல் புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன. உணவும் கிடைக்காவிட்டால் தங்கள் பாகங்களையே சிதைத்து உண்கின்றன.

இந்தத் திறமை நம் சரீரத்துக்கு நன்மையாகக் கொடுக்கப்பட்டது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்த டாக்டர் சோமர்வெல் 1924இல் எவரெஸ்டில் சுமார் 28,000 அடி வரை பிராணவாயு உருளையில்லாமல் ஏறினார். மலை உயரத்தில் வாரக்கணக்கில் தங்கும்போது உடல் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. பிராணவாயு குறைவதைச் செல்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஏற்பாட்டைப் புற்றுச்செல் தனக்காகத் திருப்பிக்கொள்கிறது.

ஆபத்து இதிலேதான். பிராணவாயு இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் இரத்தசோகை உள்ளவர்களுக்குக் கதிர்சிகிச்சையின் பலன் குறைவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பட்டினி என்ன செய்யும்? உடல் தன் தசையைக் கரைத்தாவது, ஈரல் வழியாக இரத்தத்தில் சர்க்கரையை விடும். கட்டி அதையும் எடுத்துக்கொள்ளும். மெலிகிறவர் நோயாளிதான். சிகிச்சையைத் தாங்கமாட்டாமல் பாதியில் வீடு திரும்புகிறவரும் அவர்தான்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. நோயாளிக்கு முட்டை, பருப்பு, கீரை கிடைக்க உங்கள் காணிக்கை உதவட்டும். மருத்துவர் இரத்தம் ஏற்றச் சொல்லும் நாளில் உங்கள் சபை வாலிபர்கள் இரத்தம் கொடுக்க முன்வரட்டும். வாயில் ஆறாத புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு என்று யாராவது சொன்னால், சாரல் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.

நோயாளிகளை உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள். அவர்கள் சாப்பாட்டுத் தட்டையும் மறவாதிருங்கள்.