உப்பில் இருக்கிறது ஓர் ஆட்டம்

புதிதாக ஒரு பலகை விளையாட்டு செய்ய நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, அதற்கான கரு எங்கே கிடைக்கும் என்பதைத்தான். பெரும்பாலோர் அதைக் கற்பனையில் தேடுகிறார்கள். ராஜா, கோட்டை, புதையல், பறக்கும் பாம்பு என்று படங்கள் வந்து குவிகின்றன. ஆட்டம் மட்டும் வருவதில்லை. ஆட்டத்தின் கரு நெருக்கடியில் இருக்கிறது என்பது என் கட்சி. இரண்டும் வேண்டும், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று மனிதர்கள் அன்றாடம் திண்டாடும் இடத்தில்தான் அது கிடைக்கும். அந்த இடம் பெரும்பாலும் நாம் பிழைக்கும் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் செதுக்கியிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. 15 ஆடும் பலகையில் இறங்கும்வரை, இறக்கிய ஆட்டை நகர்த்தவும் கூடாது. இரு பக்கத்துக்கும் சமமான படை கொடுப்பதே நியாயம் என்று நினைப்பவருக்கு இப்படி ஓர் ஆட்டம் தோன்றியிருக்கவே முடியாது. தனித்து நிற்கும் ஆடு சாகும். அதன் பின்னால் இன்னோர் ஆடு ஒட்டி நின்றால் புலியால் தாண்ட முடியாது. மந்தை மேய்ப்பவர்களுக்கு இது பாடமில்லை, பிழைப்பு. இந்த ஆட்டத்தை அமைத்தவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. விதிகளைப் பார்த்தால், மந்தையைக் காத்தவர்களின் கவலையிலிருந்து பிறந்தது என்றே நான் முடிவு செய்கிறேன். 2019இல் வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட ‘விங்ஸ்பேன்’ ஆட்டமும் இதே வழியில் வந்ததுதான். பறவைகளைப் பார்ப்பதில் ஈடுபாடு கொண்ட எலிசபெத் ஹார்கிரேவ், எந்தப் பறவை எங்கே வாழும், என்ன தின்னும், எத்தனை முட்டையிடும் என்ற விவரங்களையே 170 அட்டைகளின் விதிகளாக்கினார்.

புது ஆட்டமெல்லாம் பழையதன் மறுபதிப்புதானே என்று சிலர் மறுப்பார்கள். பாதி உண்மை. நம் நாட்டுப் பச்சீசிதான் 1896இல் இங்கிலாந்தில் லூடோவாகக் காப்புரிமை பெற்றது. பரமபதம் பாம்பும் ஏணியுமாகக் கடைக்கு வந்தது. ஆனால் வரும் வழியில் உதிர்ந்தது எது என்று பாருங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுபவர்களுக்கு ஒவ்வொரு பாம்பும் ஒரு பாவம், ஒவ்வொரு ஏணியும் ஒரு புண்ணியம். இன்று அட்டைப் பெட்டியில் விற்கும் பலகையில் அந்த அர்த்தம் போய், கட்டையில் விழும் எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பழைய ஆட்டத்திலிருந்து எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம். எதைச் சொல்ல எடுக்கிறோம் என்பது நம்மிடம் இருக்க வேண்டும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஆற்காட்டைத் தாண்டினால் பாலாறு, அக்கரையில் ராணிப்பேட்டை. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி. அங்கெல்லாம் தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு, வரும் பச்சைத் தோலைப் பாருங்கள். உரித்த சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும். அதனால் உப்பைத் தடவி அடுக்குகிறார்கள். ஷாப்பில் ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் கரைந்து கழிவோடு போகிறது. பதனிடப் பயன்படும் குரோமியத்தைச் சுத்திகரிப்பில் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிக்க மின்சாரமும் பணமும் கொட்ட வேண்டும். உப்புப் போடாவிட்டால் தோல் போச்சு, போட்டால் தண்ணீர் போச்சு. ஊறவைக்கும் முன்பே உப்பை உதறி எடுக்கலாம். அதற்குக் கூலி ஆகும், உதறிய உப்பைக் கொட்ட இடமும் வேண்டும். ஒருவர் உதறி மற்றவர்கள் உதறாவிட்டால், உதறியவருக்குச் செலவு மிச்சமில்லை, கிணறும் தப்புவதில்லை. நாலு பேர், ஆளுக்கொரு ஷாப்பு, நடுவில் பொதுவாக ஒரு கிணறு. ஆட்டம் அங்கேயே தயாராக இருக்கிறது. டிராகன் எதற்கு?

குடிநீர் கெட்டுப்போன ஊர்களின் துயரத்தை விளையாட்டாக்குவதா என்ற கேள்வி எழும். கனமான கேள்வி அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நிலம் கெட்ட விவசாயியும் ஷாப்புக் கூலியை நம்பியிருப்பவரும் அந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் என்றாலே கேலி என்று பொருளில்லை. 2008இல் வந்த ‘பாண்டமிக்’ ஆட்டத்தில் ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் வெல்வதில்லை. எல்லோரும் சேர்ந்து கொள்ளைநோயை வெல்ல வேண்டும், இல்லையேல் எல்லோருக்கும் தோல்வி. கவனம் வேண்டியது வெற்றியின் விதியில்தான். எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்டம்’, நிலத்தை ஒருவரே வளைத்துப் போடுவதன் கேட்டைக் காட்டச் செய்யப்பட்டது. 1935இல் ‘மோனோபொலி’யாக விற்பனைக்கு வந்தபோது, வளைத்துப் போட்டவரே ஜெயித்தார்.

ஆகவே, நம் ஆட்டத்தில் அதிகத் தோல் ஏற்றுமதி செய்தவர் ஜெயிப்பதா, கிணறு கெட்டால் நால்வருமே தோற்பதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஓர் அட்டையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும், ஆடிப் பார்க்க. அந்த முதல் ஆட்டத்துக்கு உப்பு உதறும் தொழிலாளியையும் பாலாற்றங்கரை விவசாயியையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். விதி எங்கே பொய் சொல்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். சொன்ன இடத்தில் மாற்றுங்கள்.