கணிப்பொறிக்குள் தமிழ் எங்கே?

(சொல்லாய்வு ஆர்வலர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறி, மென்பொருள், விசைப்பலகை, எழுத்துரு, கோப்பு என நல்ல தமிழ்ச் சொற்களை ஆக்கினோம். ஆக்கியதோடு நம் கடன் முடிந்தது என்று யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் தகர்த்தது ஒரு பழைய குறுவட்டு.

பதினோராண்டுகள் ஊரூராய்ச் சென்று, குழித்தறியில் அமர்ந்த முதியோரிடமும் ஏர்பிடித்த உழவரிடமும் கேட்டுக் குறித்த தொழிற்சொற்கள் ஏறத்தாழ நாலாயிரம். பாவு, ஊடை, விழுது என்பன அகரமுதலிகளிலும் கிடைக்கும். அவற்றிற்கு நெசவாளர் தம் வாயால் தந்த நுண்பொருள் கிடைக்குமா? அவற்றையெல்லாம் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டெழுதி அவ்வட்டில் சேர்த்துவைத்தேன். கையெழுத்துச் சுவடிகளைக் கறையான் தின்றபோதும், கோப்பு இருக்கிறதே என்று கவலையற்றிருந்தேன். பின்னர்ப் புதிய கணிப்பொறி வாங்கி அக்கோப்பைத் திறந்தேன். ‘தமிழ்’ என்று யான் அடித்திருந்த இடத்தில் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பக்கம் பக்கமாக அப்படியே! சொல்லித்தந்த முதியோருள் பலர் அப்போது உயிரோடில்லை.

நிகழ்ந்தது என்ன? அப்பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை. திரையில் நாம் கண்டது தமிழ். பொறி தன்னுள் வைத்திருந்தது ஆங்கிலம். அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் போர்வை விலகிற்று. உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. தமிழில்தான் எழுதுகிறோம் என்று இறுமாந்திருந்த அத்தனை ஆண்டும் யான் ஆங்கிலத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்!

அதற்கு முன்னரே ஓர் அறிகுறி இருந்தது, யான்தான் உணரவில்லை. சொற்றொடரின் முதலெழுத்தை ஆங்கில வழக்கப்படி பேரெழுத்தாக்கும் ‘உதவி’ ஒன்று சொற்செயலியில் உண்டு. பாமினியில் ககரம் நிற்கும் சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கினால் அது ‘கு’ ஆகிவிடும். பகரம் ‘பு’ ஆகிவிடும். ஆகவே தொடரின் முதலில் வந்த கடை குடையாயிற்று, பகல் புகலாயிற்று. கைப்பிழையென்று கருதி ஒவ்வொன்றாய்த் திருத்தினேன். அமைப்புகளில் ஒரு குறியை நீக்கியிருந்தால் போதும். அதை அறிய எனக்கு ஈராண்டு பிடித்தது.

இனி மீட்ட கதை. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் பல உள. பொங்குதமிழ் என்னும் மாற்றியைப் பயன்படுத்தினேன். நொடிப்பொழுதில் நாலாயிரஞ் சொல்லும் தமிழாய் எழுந்து நின்றன. கண் கலங்கினேன் என்று சொல்ல வெட்கப்படவில்லை.

ஆயினும் துன்பம் முடியவில்லை. ‘ஏர்க்கால்’ என்று தேடினேன்; இல்லை என்றது பொறி. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறதே! உருப்பெருக்கிப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. ரகரத்தின் மேல் புள்ளி வைப்பதற்கு மாறாகக் கால்குறியின் மேல் புள்ளி வைத்து அடித்திருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பொறிக்கு வேறுவேறு. ஔகாரக் குறியின் பின்பாதியாக ளகரத்தை அடித்த இடங்களும் அவ்வாறே. ‘தேடி மாற்று’ என்னும் வசதியால், காலும் புள்ளியும் சேர்ந்த இணையை யெல்லாம் ‘ர்’ ஆக்கினேன். உங்கள் பழங்கோப்புகளிலும் இப்பிழை இருக்கும், இன்றே தேடிப்பாருங்கள்.

அடுத்து அகரவரிசை. பலகை, பழம், பள்ளி, பறவை, பனை என்பதே நம் நெடுங்கணக்கு முறை. எழுத்தெண்ணை மட்டுமே பார்த்து அடுக்கும் மென்பொருளோ பனை, பறவை, பலகை, பள்ளி, பழம் என்று அடுக்கிற்று. காரணம் யாது? 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு அளித்த இடம், 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறிமுறையைத் தழுவியது. அதுவோ தேவநாகரியின் வரிசையை அச்சாகக் கொண்டது. ஆகலின் நகரத்தை யடுத்து னகரம். ரகரத்தை யடுத்து றகரம். ககரத்திற்கும் ஙகரத்திற்கும் நடுவே மூன்று வெற்றிடம். நம்மிடம் இல்லாத ஒலிகளுக்கு விட்ட இருக்கைகள் அவை! சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே வடவெழுத்தொன்று வந்து குந்தியிருக்கிறது. ஆய்தமோ அகரத்திற்கும் முன்னே நிற்கிறது. வீட்டுக்குடையவனின் அறைகளை விருந்தினன் பிரித்துக்கொடுத்த கதை இது.

இதற்கும் வழி கண்டேன். இலிப்ரே ஆபீசு என்னும் இலவசத் தொகுப்பின் விரிதாளில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழெனத் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்தவுடன் னகரம் தன் கடைசி இடத்திற்குத் திரும்பிற்று.

இதனினும் ஆழமான குறையொன்றுண்டு. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ உயிர்மெய்யாகிய ககரமே மூலம். அதனோடு புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்தால்தான் மெய். ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லைப் பொறி ஐந்தென எண்ணும். யாப்புப் பயில்வோர் எழுத்தெண்ண இதனை நம்பவேண்டா. ஒவ்வோர் எழுத்திற்கும் தனியிடம் தந்த ‘தமிழ் அனைத்தெழுத்து’க் குறிமுறையைத் தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்றது. என் உள்ளம் அதன்பால்தான் சாய்கிறது. ஆனால் அது நிற்பது ஒருங்குறியில் யாரும் தம் விருப்பம்போல் ஆளும் தனிப்பயன் பகுதியில். அதற்குரிய எழுத்துரு இல்லாதவர்க்கு வெறுங்கட்டங்களே தெரியும். ஒருமுறை சுட்டுக்கொண்ட கை இது. ஆகவே காக்கவேண்டிய கோப்பை ஒருங்குறியிலேயே வைத்திருக்கிறேன். இங்குள்ள நண்பர் சிலர் இதற்காக என்னைக் கடிந்துகொள்வர் என்பதும் அறிவேன்.

தோழர்களே! எல்லாவற்றையும் அயலார்மேல் சாற்றலாமா? மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ கண்டார். சிங்கப்பூரில், 1999இல் மறைந்த நா. கோவிந்தசாமி ‘கணியன்’ தந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாய்த் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் எனப் பகுத்த பலகை அது. ஙகரத்தை அடுத்துக் ககரத்தைத் தட்டினால் புள்ளி தானே ஏறும். ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும் அவ்வாறே. ‘அம்மா’ என எழுத நான்கே தட்டு. இனவெழுத்து அறிந்த பலகை! இன்று விண்டோசு, மேக்கு இயங்குதளங்களில் உள்ளமைந்தே வருகிறது. இருந்தும், தனித்தமிழ் மேடையில் முழங்கும் நம்முள் எத்தனைபேர் அம்மாவை எழுத ஆங்கில எழுத்தைத் தேடுகிறோம்? யானும் தேடியவனே. அறுபது அகவைக்குமேல் பழகினேன். மூன்று கிழமையில் விரல் பணிந்தது.

மீட்ட தொகுப்பின் அச்சுப்படி ஒன்றை இன்று கொண்டுவந்திருக்கிறேன். நெசவுப் பகுதியில் முப்பத்தொரு சொற்களின் பொருட்குறிப்பு, வட்டிலேயே பழுதுபட்டு அழிந்துவிட்டது. சொற்கள் மட்டும் நிற்கின்றன. அவையில் தறிக்குடும்பத்தார் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் சற்றே என்னருகில் அமர்ந்து அப்பக்கங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். எழுதுகோல் கையிலேயே இருக்கிறது.